வலிக்கிறது என்று சொல்ல விடுங்கள்

திருமுக்கூடல்,
சனிக்கிழமை

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கடிதம் வந்து பத்து நாளாகிறது. படித்த அன்றே பதில் எழுத உட்கார்ந்தேன். கோபத்தில் எழுதியதால் கிழித்துப் போட்டேன். உங்கள் ஊரும் பெயரும் வெளியே தெரிய வேண்டாம் என்று கேட்டிருக்கிறீர்கள், தெரியாது. ஆனால் பதிலை எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன். இதே கடிதத்தை எழுத நினைத்து, எழுதாமலே விட்ட தாய்மார்கள் எத்தனையோ பேர் இருப்பார்கள்.

மகளுக்குப் பதினொரு வயது, நான்கு வருடமாகப் பரதம் படிக்கிறாள். முதலில் வகுப்பு முடிந்து வந்தும் வீட்டுக் கூடத்தில் ஆடிக்கொண்டே இருந்தவள், இப்போது வகுப்பு நாள் வந்தாலே வயிறு வலிக்கிறது என்கிறாள். தொடையில், தாளம் தட்டும் தட்டுக்கழி பட்ட தடம். கேட்டால், “நான்தாம்மா அரைமண்டி சரியா உக்காரல” என்கிறாள். குண்டாகிக்கொண்டே போகிறாள், நிறமும் எடுபடாது, ஆண்டு விழாவில் பின்வரிசையில் நிற்கட்டும் என்று எல்லாப் பிள்ளைகளின் முன்னாலும் சொல்லியிருக்கிறார்கள். உங்கள் மாமியார், “அடி உதவுற மாதிரி அண்ணன் தம்பி உதவமாட்டான்” என்கிறார். கடைசியில் நீங்கள் கேட்டிருக்கும் கேள்வி இது: “பரதநாட்டியம் என்றால் இப்படித்தானா? நான்தான் பொத்திப் பொத்தி வளர்க்கிறேனா?”

இல்லை, தாயே. பரதநாட்டியம் இப்படித்தான் என்பது பொய். அந்தப் பொய்யை நானும் வெகுநாள் நம்பினேன்.

என் ஆசிரியர் பெரிய வித்துவான். இன்று அவர் இல்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் அவர் கொடுத்தது. சலங்கையைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும்போது இன்றைக்கும் அவர் முகம்தான் வரும். அவர் தட்டுக்கழியை எறிவார். மணைப்பலகையில் கழி விழும் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும்வரை எங்களுக்குப் பயமில்லை. சத்தம் நின்றால் குனிந்துகொள்ள வேண்டும். அந்த வகுப்பில் நாங்கள் ஒன்பது பேர். சொல்லக் கூடாத ஒரு வார்த்தை எங்கள் ஒன்பது பேருக்கும் தெரியும்: வலிக்கிறது. சொன்னால், “நோகாம நோம்பு கும்பிட வந்தியா?” என்பார். அதனால் சொல்லவில்லை. முப்பத்தெட்டு வயதில் என் இடது முழங்கால் மடங்க மறுத்தது. இப்போது நாற்காலியில் உட்கார்ந்துதான் நட்டுவாங்கம் செய்கிறேன். அவரை நான் வெறுக்கவில்லை. அவருக்கும் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தார்கள். ஆனால் அன்புக்காக உண்மையை மறைக்க முடியாது. அவர் எனக்குக் கொடுத்த வித்தை வேறு, கொடுத்த அடி வேறு. இரண்டையும் ஒன்றாக மடித்துக் கொடுத்ததால், அடி இல்லாமல் வித்தை வராது என்று நான் நினைத்துவிட்டேன்.

அந்த நினைப்போடுதான் நானும் சொல்லிக் கொடுக்க ஆரம்பித்தேன். கழியை எறிந்ததில்லை. ஆனால் ஓங்கியிருக்கிறேன், அதட்டியிருக்கிறேன். ஒருநாள் சாயங்காலம் பேருந்துக்காக நின்றுகொண்டிருந்தேன். அப்போதுதான் என் வகுப்பு முடிந்து போன சிறுமி ஒருத்தி, நெசவாளர் வீட்டுப் பெண், தெருக்கோடியில் குதிகால் தரையில் படாமல் நுனிக்காலில் நடந்து போனாள். அரை மணிக்கு முன் அதே காலால்தான் மூன்று காலத்திலும் தட்டடவு போட்டிருந்தாள், முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லாமல். இரண்டு மாதமாக அவள் பாட்டி ராத்திரியில் விளக்கெண்ணெய் சுட வைத்துத் தேய்த்துவிட்டுக்கொண்டிருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது. பாட்டிக்குத் தெரிந்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை. என்னிடம் சொல்ல முடியாதபடி நான் இருந்திருக்கிறேன். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அவளைக் காட்டியபோது எலும்பு மருத்துவர் விளக்கினார். குதிகால் எலும்பின் பின்பக்கத்தில் பிள்ளைகளுக்கு ஒரு வளர்ச்சித் தட்டு உண்டு; எட்டு வயதிலிருந்து பதினான்கு வயதுவரை அது முழு எலும்பாக இறுகியிருக்காது. சிமெண்டுத் தரையிலும் டைல்ஸிலும் மணிக்கணக்காகத் தட்டினால் அந்த இடம்தான் முதலில் புண்ணாகும். ஓய்வு கொடுத்தால் ஆறிவிடும். மறைத்துக்கொண்டு ஆடினால் வலி மாதக்கணக்கில் இழுக்கும்.

முழங்காலை மடித்துப் பக்கவாட்டில் அகட்டி நிற்கும் அரைமண்டி விஷயமும் அப்படித்தான். கால் வெளிப்பக்கம் திரும்புவது இடுப்பு மூட்டிலிருந்து. தொடை எலும்பின் தலை இடுப்புக் குழியில் எப்படிப் பொருந்தியிருக்கிறதோ அந்த அளவுக்குத்தான் திரும்பும். அந்தப் பொருத்தம் ஆளுக்கு ஆள் வேறு. பயிற்சியால் தசையை இளக்கலாம், வலுவாக்கலாம். எலும்பை அடித்து அகட்ட முடியாது. அதட்டினால் குழந்தை என்ன செய்யும்? பாதத்தை மட்டும் திருப்பி வைத்துவிடும். பாதம் பக்கவாட்டில் பார்க்கும், முழங்கால் முன்னால் பார்க்கும், நடுவில் மூட்டு முறுக்கிக்கொண்டு நிற்கும். முன்னாலிருந்து பார்க்கிறவருக்கு அரைமண்டி அழகாகத் தெரியும். உங்கள் மகள் “சரியா உக்காரல” என்று சொன்னாளே, அவள் உடம்பு தன்னைக் காத்துக்கொள்ளப் பார்த்திருக்கிறது. அதற்குத்தான் அடி விழுந்திருக்கிறது.

இதையெல்லாம் மேல்நாட்டுச் சமாசாரம் என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையைப் புரட்டிப் பாருங்கள். மாதவி ஐந்து வயதில் தொடங்கி ஏழு ஆண்டு பயின்று பன்னிரண்டில் அரங்கேறினாள் என்பது பலருக்கும் தெரியும். அரங்கின் அளவையும் இளங்கோ சொல்கிறார்: ஏழு கோல் அகலம், எட்டுக் கோல் நீளம், ஒரு கோல் உயரம். அந்த அரங்கின் தளத்தை அவர் பலகை என்றே குறிக்கிறார். மரத்தளம். மிதித்தால் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். நாம்தான் பிள்ளைகளை மொட்டை மாடியிலும் கல்யாண மண்டபத்துக் கிரானைட்டிலும் தட்ட வைத்து, தாங்கவில்லை என்றால் அவர்களையே குறை சொல்கிறோம்.

இன்னொன்று என் ஊர்க் கதை. பாலாறும் செய்யாறும் வேகவதியும் சேரும் இடம் இது. மாட்டுப் பொங்கலன்று காஞ்சி வரதர் பழையசீவரம் வந்து, ஆற்றுக்கு இந்தப்பக்கம் திருமுக்கூடலுக்கும் எழுந்தருளுவார். அன்றைக்குத்தான் ஊர் நிறையும். மற்ற நாட்களில் அப்பன் வேங்கடேசப் பெருமாள் கோயில் அமைதியாகவே இருக்கும். அதன் சுவரில் வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று உண்டு. அவன் ஆட்சி 1063 முதல் 1070 வரை. கோயிலின் ஜனநாத மண்டபத்தில் ஒரு கல்விச்சாலையும் மாணவர் விடுதியும் நடந்ததை அந்தக் கல்வெட்டு சொல்கிறது. கூடவே ஓர் ஆதுலர்சாலை, அதாவது மருத்துவமனை. வீரசோழன் என்று பெயர், பதினைந்து படுக்கைகள். மருத்துவர் ஒருவர், அறுவை செய்பவர் ஒருவர், மூலிகையும் விறகும் கொண்டுவர ஆட்கள், நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளப் பெண்கள். ஓராண்டுக்குச் சேமித்து வைக்க வேண்டிய மருந்துகளின் பெயர்கள் வரிசையாக இருக்கின்றன: தைலங்கள், நெய்கள், கடுக்காயில் செய்த லேகியங்கள். மாணவர்களுக்குப் படுக்கப் பாய், இரவுக்கு விளக்கு, சனிக்கிழமைகளில் தேய்த்துக் குளிக்க எண்ணெய்.

என் வகுப்புப் பிள்ளைகளைக் கூட்டிப் போய் அந்தச் சுவரைக் காட்டியபோது, அவர்கள் அதிகம் பேசியது அந்த எண்ணெயைப் பற்றித்தான். ஏறக்குறைய ஆயிரம் வருடத்துக்கு முன்னால் கணக்குப் போட்ட ஒருவருக்கு, படிக்கிற பிள்ளைக்கு உடம்பு என்று ஒன்று உண்டு, அது சூடாகும், நோகும், காய்ச்சலில் படுக்கும் என்பது தெரிந்திருக்கிறது. படிப்புக்கு நெல் ஒதுக்கிய அதே கையால் மருந்துக்கும் ஒதுக்கியிருக்கிறார். பாரம்பரியம் என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு அடிப்பவர்களிடம் நான் இந்தச் சுவரைத்தான் காட்டுகிறேன்.

மறைக்காமல் இதையும் சொல்ல வேண்டும். அந்தக் கல்விச்சாலை வேதமும் இலக்கணமும் படித்த ஆண்பிள்ளைகளுக்கானது. நெசவாளர் வீட்டுப் பெண் அந்த மண்டபத்தில் பாய் விரித்திருக்க முடியாது. அக்கறை இருந்தது, எல்லோருக்கும் இருக்கவில்லை. அது நாம் முடிக்க வேண்டிய வேலை.

உங்கள் ஊரில் யாராவது நாட்டிய மேதை பாலசரஸ்வதியை உதாரணம் காட்டுவார்கள். என்னிடமும் காட்டினார்கள். 1925இல், ஏழு வயதில், எங்கள் பக்கத்துக் காஞ்சிபுரத்தில் ஓர் அம்மன் கோயிலில் அவர் அரங்கேறினார். அவருடைய ஆசான் கந்தப்பப் பிள்ளை மிகக் கடுமையானவர் என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. கடுமைதான் பாலாவை உண்டாக்கியது என்பார்கள். ஆனால் அவருடைய பாட்டி வீணை தனம்மாள், அம்மா பாடகி ஜெயம்மாள். அந்த வீட்டில் குழந்தை மூச்சு விட்டதே சங்கீதத்தில். அதை விட்டுவிட்டு, பாலாவின் மேதைமைக்குக் காரணம் கழி என்று சொல்வது அந்த வீட்டுப் பெண்களுக்குச் செய்கிற துரோகம். அதே கழிக்குப் பயந்து சலங்கையைக் கழற்றி வைத்துவிட்டுப் போனவர்களின் பெயர் யாருக்கும் தெரியாது. என் வகுப்பில் ஒன்பது பேர் என்றேன் அல்லவா? கடைசிவரை ஆடியது இரண்டு பேர்.

நெசவு ஊரில் இருந்துகொண்டு இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. முன்பணத்துக்காகப் பிள்ளைகளைத் தறியில் உட்கார வைத்த காலம் இந்தப் பக்கத்துக்கு மறந்துபோகவில்லை. 2003இல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு இந்தியப் பட்டுத் தொழிலில் கொத்தடிமைப்பட்ட சிறாரைப் பற்றி வெளியிட்ட அறிக்கையில் காஞ்சிபுரமும் உண்டு. அன்று முதலாளிகள் சொன்ன நியாயம் என்ன? சின்ன வயதிலேயே கை பழகினால்தான் வேலை வரும், அடித்தால்தான் கை பழகும். பிள்ளைகள் தறியை விட்டுப் பள்ளிக்குப் போன பிறகும் கோர்வைச் சேலை நெய்யப்பட்டுக்கொண்டுதான் இருக்கிறது. நாட்டிய வகுப்பில் அதே நியாயத்தைக் கேட்கும்போது எனக்கு உடம்பு பதறுகிறது.

நிறத்தைப் பற்றியும் உடம்பைப் பற்றியும் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அடியைவிட அது ஆழமாக இறங்கும். இசை வேளாளர் குடும்பத்துப் பெண்களும் நட்டுவனார்களும் தலைமுறை தலைமுறையாகக் காத்துக் கொடுத்த கலை இது. அந்தப் பெண்களை இழிவாகப் பேசி மேடையிலிருந்து இறக்கிவிட்டு, கலையை மட்டும் எடுத்துக்கொண்ட வரலாறு நமக்கு இருக்கிறது. அந்த ஒதுக்கல் இன்றைக்கு வேறு உருவத்தில் நடக்கிறது. சிவப்பாக, ஒல்லியாக, அரங்கேற்றத்துக்கு லட்சக்கணக்கில் செலவழிக்கக்கூடிய வீட்டுப் பிள்ளையாக இருந்தால் முன்வரிசை. எங்கள் பக்கத்தில் அப்பா நெய்த பட்டில் யாரோ ஒரு பெண்ணுக்கு நாட்டிய உடை தைப்பார்கள். அவருடைய மகளுக்கு அரங்கேற்றம் என்பது பேச்சுக்குக்கூட வராது. அதனால் என் வகுப்பில் தனி அரங்கேற்றத்தை எடுத்துவிட்டேன். நவராத்திரியில் எல்லோரும் சேர்ந்து சலங்கை பூஜை, பருத்திச் சேலை, வரிசை வாராவாரம் மாறும். முகத்தை வெளுப்பாக்கும் பூச்சு கிடையாது. அவரவர் நிறத்துக்கு ஏற்ற பூச்சு கடையில் கிடைக்கத்தான் செய்கிறது, தேடி வாங்க வேண்டும், அவ்வளவுதான்.

நர்த்தகி நடராஜை நினைத்துப் பாருங்கள். மதுரையில் பிறந்த திருநங்கை, பரதக் கலைஞர். சொந்தபந்தம் ஒதுக்கிய காலத்தில் தஞ்சை நால்வர் வழியில் வந்த கே. பி. கிட்டப்பா பிள்ளை அவரைச் சேர்த்துக்கொண்டு பல வருடம் சொல்லிக் கொடுத்தார். 2019இல் நர்த்தகிக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. பழைய மரபின் நேர் வாரிசான ஒரு நட்டுவனாருக்கு, வாசலில் வந்து நின்றவரின் உடம்போ அடையாளமோ தடையாகத் தோன்றவில்லை. மரபு தெரிந்தவர்கள் வாசலை அகலமாகத்தான் வைத்திருந்தார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். பலர் அப்படி வைத்திருக்கவில்லை. வைக்க முடியும் என்பதற்கு அவர் சாட்சி.

எனக்கே ஒரு பிள்ளை பாடம் சொல்லிக் கொடுத்தாள். குதிகால் விஷயத்துக்குப் பிறகு, தறி செய்கிற தச்சர் ஒருவரைப் பிடித்து, ரப்பர் துண்டுகளின் மேல் பலகை அடித்துத் தரை போட்டேன். வலிக்காக மட்டும் போட்ட தரை. மறுவருடம் காது கேளாத சிறுமி ஒருத்தியை அவள் அம்மா கூட்டி வந்தார். தாளம் எப்படிப் பிடிப்பாளோ என்று நான் தயங்கினேன். மணைப்பலகையைத் தரைப்பலகையின் மேலேயே வைத்துத் தட்டியபோது அதிர்வு அவள் உள்ளங்காலுக்குப் போனது. என்னைப் பார்க்காமலே, நடை மாறியதும் அவள் காலும் மாறியது. சிமெண்டுத் தரையாக இருந்திருந்தால் அவளைத் திருப்பி அனுப்பியிருப்பேன். முடியாது என்று நம்பியே அனுப்பியிருப்பேன்.

கடிதத்தில் நீங்கள் கேட்காத ஒன்றையும் எழுத வேண்டியிருக்கிறது. 2023 மார்ச் கடைசியில், சென்னைக் கலாக்ஷேத்ராவின் ருக்மிணி தேவி நுண்கலைக் கல்லூரி மாணவிகள் பாலியல் தொல்லைப் புகார்களோடு வளாகத்திலேயே உட்கார்ந்து போராடினார்கள். மாநில மகளிர் ஆணையத் தலைவர் நேரில் போய் விசாரித்தார். ஏப்ரலில் ஓர் ஆசிரியர் கைதானார். ஓய்வுபெற்ற நீதிபதி கே. கண்ணன் தலைமையில் விசாரணைக் குழு அமைந்தது. 1936இல் தொடங்கிய, உலகம் அறிந்த நிறுவனம். அங்கே பேசுவதற்கே அந்தப் பெண்களுக்கு அவ்வளவு துணிச்சல் வேண்டியிருந்தது என்றால், ஒரே ஆசிரியர், ஒரே அறை, மூடிய கதவு என்று நடக்கும் வகுப்பில் பதினொரு வயதுக் குழந்தை எப்படிப் பேசும்? வலிக்கிறது என்று சொல்லக் கூடாது என்று பழக்கிய இடத்தில், தொடாதீர்கள் என்றும் சொல்ல வராது. இரண்டும் ஒரே தொண்டையிலிருந்துதான் வர வேண்டும். இதனால்தான் நான் அடியைச் சின்ன விஷயமாக எடுத்துக்கொள்வதில்லை. நாட்டியத்தில் தொட்டுத் திருத்த வேண்டியிருக்கும். முழங்கையைத் தூக்கிவிட வேண்டும், முதுகை நிமிர்த்த வேண்டும். இப்போது நான் கேட்டுவிட்டுத்தான் கை வைக்கிறேன். “தொட்டுக் காட்டட்டுமா கண்ணு?” என்று கேட்க அரை நொடி போதும். வேண்டாம் என்றால் என் உடம்பில் காட்டுகிறேன். கதவு திறந்தே இருக்கும், திண்ணையில் எந்த அம்மாவும் உட்காரலாம்.

பள்ளியில் அடிப்பதையும் மனத்தைத் துன்புறுத்துவதையும் 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் தடுக்கிறது. தனியார் நாட்டிய வகுப்பு அந்தச் சட்டத்துக்குள் வராது. ஆனால் தன் பொறுப்பில் இருக்கும் குழந்தையைத் தாக்குவது 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டத்தின் 75ஆம் பிரிவில் குற்றம். பாலியல் தொல்லை என்றால் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் எல்லா இடத்துக்கும் பொருந்தும். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை உங்கள் மகளுக்கும் சொல்லி வையுங்கள்.

கண்டிப்பே கூடாதா என்று உங்கள் மாமியார் கேட்பார். நான் கண்டிப்பானவள்தான். தாளம் தப்பினால் திரும்பச் செய்யச் சொல்வேன், பத்துத் தடவை என்றாலும். நேரம் தவறி வந்தால் ஓரத்தில் உட்கார வைப்பேன். தட்டடவு சுத்தமாகாமல் நாட்டடவு கிடையாது. கலை கஷ்டமானது, அதை எளிதாக்கித் தர எனக்கு உரிமை இல்லை. கஷ்டப்படுத்துவது வேறு, காயப்படுத்துவது வேறு என்பதை ஒரு நல்ல ஆசிரியரின் கை அறியும்.

இனி நீங்கள் என்ன செய்ய வேண்டும்? ஆசிரியரிடம் ஒருமுறை தனியாகப் பேசிப் பாருங்கள், மகளை வெளியே உட்கார வைத்துவிட்டு. அடிக்கக் கூடாது, உடம்பையும் நிறத்தையும் பேசக் கூடாது என்று சாந்தமாக, தெளிவாகச் சொல்லுங்கள். என்னைப் போல அவரும் யோசிக்கக் கூடும். முகம் சுளித்தால் அன்றே நிறுத்திவிடுங்கள். நான்கு வருடம் வீணாகாது, கற்ற அடவு காலை விட்டுப் போகாது. புது வகுப்பு தேடும்போது மேடைப் படங்களைப் பார்க்காதீர்கள். போய் ஒரு மணி நேரம் உட்காருங்கள். தரை என்ன என்று பாருங்கள். ஆடத் தொடங்குமுன் உடம்பை இளக்க விடுகிறார்களா, நடுவில் தண்ணீர் குடிக்க விடுகிறார்களா, தப்பாக ஆடிய பிள்ளை யாருடைய முகத்தைப் பார்க்கிறது என்று பாருங்கள். பணம் தடையென்றால் மாவட்ட அரசு இசைப்பள்ளிகளில் பரதநாட்டியம் உண்டு, காஞ்சிபுரத்திலும் இருக்கிறது. சிறு பிள்ளைகளுக்கு ஜவஹர் சிறுவர் மன்றம் உண்டு. அங்கேயும் இதே கண்ணோடு போய்ப் பாருங்கள்.

அதற்கெல்லாம் முன்னால், இந்த வாரமே அவளுடைய முழங்காலையும் குதிகாலையும் ஓர் எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள். மருத்துவர் கேட்கும்போது நீங்கள் பதில் சொல்லாதீர்கள். எங்கே வலிக்கிறது என்று அவளே சொல்லட்டும்.

அன்புடன்,
திருமுக்கூடலிலிருந்து ஒரு நாட்டிய ஆசிரியை